பொதுமொழி இல்லாத கறிக்கடை

1974இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தொடங்கி இன்றைய கணினி விளையாட்டுகள் வரை, பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுகளின் ஊர்களுக்குப் பழகிப்போன ஓர் அமைப்பு உண்டு. கொல்லன் பட்டறை, சத்திரம், மருந்துக்கடை, தந்தையும் மக்களும் சேர்ந்து நடத்தும் ஓர் இறைச்சிக்கடை. வீரன் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் கடைக்காரரோடு பேச அவனுக்கு இடர்ப்பாடில்லை. அவ்வுலகில் 'பொதுமொழி' என்று ஒன்று இருக்கிறது. வனதேவர்களுக்கும் குள்ளர்களுக்கும் தனித்தனி மொழிகள் உண்டு. அரைக்கிலோ இறைச்சி வாங்குவதற்கு மட்டும் பொதுமொழி. மொழிநூல் அறிஞரான டோல்கீனே தம் கதையுலகத்துக்கு அப்படியொரு மொழியை வகுத்துக்கொண்டார் என்னும்போது, விளையாட்டு அமைப்பாளர்களைக் குறை கூறுவதற்கில்லை. உண்மையான எல்லையூர்களையும் அதே ஏற்பாட்டோடு கற்பனை செய்துகொள்ளும் கல்வித்துறையையும் ஆட்சித்துறையையும்தான் குறை கூற வேண்டும்.

பாலக்காட்டின் சித்தூர் வட்டமும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களும் இதற்குச் சான்று. சித்தூர் பழைய கொச்சி அரசைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மூன்றும் கேரளத்துக்குள் அமைந்தன. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழ் கொங்கு வழக்கோடு ஒட்டியது. மூணாற்றுத் தமிழ், தேயிலைத் தோட்டங்களுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களின் தமிழ். ஒரே மாநிலத்தின் 'தமிழ்ச் சிறுபான்மையினர்' என்று ஒரே தலைப்பில் எழுதப்படும் இவ்விரு கூட்டத்தார் பேசுவது ஒரே தமிழ்கூட அன்று. இவ்வூர்களின் குடும்பக் கறிக்கடைகளில் ஒரு காலைப்பொழுது நிகழும் பேச்சைக் கேட்டால், பொதுமொழி என்னும் கற்பனை எவ்வளவு வறியது என்பது விளங்கும்.

'கறி' என்ற ஒரு சொல்லே போதும். தமிழ்நாட்டு வழக்கில் அடைமொழியின்றிக் 'கறி' என்றால் இறைச்சி. 'கறி எடுத்தல்' என்றால் இறைச்சி வாங்குதல். மலையாளிக்குக் கறி என்பது சோற்றோடு சேரும் எந்தக் குழம்பும் ஆகும். அவர் கடையில் கேட்பது 'இறச்சி'. அதே பாலக்காட்டின் கல்பாத்தி அக்கிரகாரத்தில் கறி என்பது வாழைக்காயிலோ சேனையிலோ செய்த பொரியல். ஒரே மாவட்டத்துக்குள் ஒரு சொல் ஊனாகவும் குழம்பாகவும் காய்கறியாகவும் திரிகிறது. சங்க இலக்கியத்தில் இச்சொல்லின் பொருளோ மிளகு. யவனர் கலங்கள் பொன்னைக் கொடுத்து முசிறியிலிருந்து ஏற்றிச் சென்றதாக அகநானூறு கூறுவது இந்தக் கறியைத்தான். அம்மிளகு இன்றும் இடுக்கி மலையில் விளைகிறது. பெயர்தான் கைமாறிக் கீழே கடைத்தெருவில் தொங்கும் ஆட்டுக்குப் போய்விட்டது.

எல்லைத் தமிழ் இளைஞர் 'ஆட்டிறைச்சி' என்றோ, பேச்சில் 'எறச்சி' என்றோ சொன்னால், மலையாளம் கலந்த தமிழ் என்று முகம் சுளிக்கும் தமிழாசிரியர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆட்டிறைச்சி என்பதே நாள்வழக்கு. அங்கும் கறி என்பது குழம்பே. கேரளத்தோடு எல்லை பகிராத ஈழத்துத் தமிழும் மலையாளமும் இவ்விரு சொற்களை ஒரே வகையாகப் பகுத்துக்கொண்டிருக்க, தமிழ்நாட்டு வழக்கே வேறு வழியில் சென்றிருக்கிறது. தொல்காப்பியம் இறைச்சி என்பதை அகப்பாட்டின் குறிப்புப் பொருளுக்குக் கலைச்சொல்லாகவே ஆள்கிறது. அப்படியிருக்க அந்த இளைஞரின் சொல்லை எந்த அளவுகோலால் கலப்படம் என்பது?

எருமைக்கடாவை மலையாளி 'போத்து' என்கிறார். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இச்சொல் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் விலங்குகளின் ஆண்பாற் பெயர்களை வகுக்கும் தொல்காப்பிய மரபியல், எருமையின் ஆணைப் போத்து எனல் மரபு என்கிறது. இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்யப்படும் சொல், பாலக்காட்டு இறைச்சிக்கடையின் விலைப்பலகையில் உயிரோடு இருக்கிறது. அதற்கு உரையாசிரியர் தேவைப்படுவதில்லை.

ஆட்டின் உள்ளுறுப்புகளுக்கு வந்தால் சொற்செல்வம் இன்னும் பெருகும். தமிழரின் ஈரல், மலையாளிக்குக் கரள். எலும்பு, எல்லு. மண்ணீரலுக்குத் தமிழ்க் கறிக்கடைகள் வைத்திருக்கும் பெயர் சுவரொட்டி. கல்லூரி மாணவருக்கு இச்சொல் நினைவூட்டுவது தேர்தல் விளம்பரத்தாளைத்தான். மூளையும் சுவரொட்டியும் கேட்டு வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு அந்தக் குழப்பம் இல்லை. நல்லி, போட்டி, கைமா என்பவை உருது வழியாக வந்தவை. கசாப்பு அரபு மூலத்தது. தனிக்கறி, கொத்துக்கறி, நெஞ்செலும்பு என்பவை தமிழின் சொந்த ஆக்கங்கள். இவை அனைத்தும் ஒரே வெட்டுக்கட்டையின்மேல் கிடக்கின்றன. கடைக்காரர் இசுலாமியராயின், ஒரு வாடிக்கையாளருக்கு அவர் பாய். அடுத்து நிற்பவருக்கு இக்கா. அழைக்கும் சொல் மாறிய அக்கணமே அவருடைய வாக்கியத்தின் வினைமுற்றும் மாறுகிறது. எடை போடும் மகன் இதை எந்தப் பள்ளியிலும் கற்றதில்லை. கட்டைக்குப் பக்கத்தில் நின்று கற்றான். ஆண்டுக்கணக்கிலும் அவனுக்கு இரட்டை அறிவு வேண்டும். புரட்டாசியில் தமிழ் வீடுகள் சில விலகும். ஈஸ்டருக்கு முந்தைய 50 நாள் நோன்பில் சிரியன் கிறித்தவ வீடுகள் விலகும். தீபாவளியன்று தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து கூட்டம் வரும். மலையாளிக்கு அது பெரும்பாலும் மற்றுமொரு நாள்.

கல்வித்துறை இதைக் கேளாமல் இருப்பதற்குக் காரணம் தொலைவு அன்று, அருவருப்பு. நாட்டார் பாடல், தெய்வ வழிபாடு, தாலாட்டு என்றால் ஒலிப்பதிவுக் கருவியோடு செல்லும் ஆய்வாளர், குருதி வடியும் கட்டையின் முன் நிற்பதில்லை. இந்த அருவருப்புக்குப் பழைமையின் சான்று தேடுவதும் வீண். சேரமான் செல்வக்கடுங்கோ வாழியாதன் கபிலரின் கைகள் மென்மையாக இருப்பதை வியந்தபோது, ஊனும் சோறும் உண்பதன்றி வேறு வருத்தம் அறியாத கைகள் இவை என்று புலவர் விடையளித்ததைப் புறநானூற்றின் 14ஆம் பாடல் காட்டுகிறது. சேரநாட்டு அரசவையில் கூசாத நா, இன்றைய ஆய்வரங்கில் மட்டும் கூசுகிறது.

தமிழில் வட்டார அகராதிக்கு முன்னோடிகள் உள்ளனர்: கி. ராஜநாராயணனின் கரிசல் அகராதி, பெருமாள்முருகனின் கொங்கு அகராதி. தொழிற்சொற்களுக்குத் தெலுங்கு வழிகாட்டியது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1962இல் வேளாண்மைச் சொற்களோடு தொடங்கிய தொழிற்சொல் அகராதி வரிசை, பின்னர் கைத்தறிக்கும் விரிந்தது. ஒரு பொருளுக்கு ஒவ்வோர் ஊரிலும் என்ன பெயர் என்று தொழில் செய்வோரிடமே சென்று கேட்பதுதான் அதன் முறை. இம்முறையை எல்லைக் கறிக்கடைகளுக்குக் கொண்டுசெல்லப் பெருநிதி வேண்டாம். காலம்தான் வேண்டும், அதுவும் குறைந்துவருகிறது. கடையின் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குச் செல்கிறது. இறைச்சி குளிர்பெட்டிப் பொதியாகிறது. அப்பொதியின்மேல் அச்சிடப்படுவது 'கர்ரி கட்'. தமிழிலிருந்து ஆங்கிலம் கொண்டுசென்ற கறி, வெட்டுமுறையின் பெயராகத் திரும்பி வந்து, தொடைக்கறியையும் நெஞ்செலும்பையும் சுவரொட்டியையும் ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுகிறது. பொதுமொழி இப்படித்தான் வந்துசேரும் போலும்.

2017ஆம் ஆண்டுச் சட்டம் கேரளப் பள்ளிகளில் மலையாளம் கற்பதைக் கட்டாயமாக்கியது. எல்லைத் தமிழ்க் குழந்தை மலையாளம் கற்பதை எதிர்ப்பது அறியாமை. அது இல்லாமல் அவ்வூர்களில் கடையும் நடத்த முடியாது. ஆனால் கறிக்கடை மகன் மலையாளத்தைத் தமிழின் இடத்தில் வைத்துக் கற்கவில்லை, தமிழின் பக்கத்தில் வைத்துக் கற்றான். பள்ளிக்கு அந்தப் பக்கத்தில் வைக்கும் கலை இன்னும் கைவரவில்லை. 'ஈரல்' என்று எழுதும் மாணவியிடம் 'கரள்' என்று திருத்தச் சொல்லாமல், இரண்டையும் எழுதச் சொல்வதற்கு ஒரு பாடத்திட்டக்குழு கூட வேண்டியதில்லை.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் மொழியியலும் தமிழும் பயிலும் முதுகலை மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தால், 10 கடைகள், ஒவ்வொன்றிலும் இரு தலைமுறை, ஓர் ஆட்டின் உறுப்புப் படம், மூன்று மொழிப் பத்திகள் என்று தொடங்கலாம். செவ்வாயும் வெள்ளியும் செல்வது நல்லது. தமிழ் வீடுகள் பல அன்று கறி எடுப்பதில்லை என்பதால் கடையில் கூட்டம் குறைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை சென்றால் கேள்விக்கு விடை கிடைக்காது. ஒதுங்கி நில்லுங்கள் என்ற சொல் மட்டும் இரண்டு மொழியில் கிடைக்கும்.