பட்டிக்கு முன் பிரைமர்

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் பழைய புரோட்டோன் சாகாவைச் சாயமடிக்கக் கொடுப்பவர்கள், பட்டறையில் நிறத்தைப் பேசுமுன் பிரைமரைப் பேச வேண்டும். 80ஆம் எண் உப்புத்தாளால் பளிச்சென்று இரும்பு தெரியும்வரை துருவைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, அன்றே எபோக்சி பிரைமர் அடித்தாக வேண்டும். கடலோர ஈரக்காற்றில் வெறும் தகடு ஓரிரவிலேயே சிவந்துவிடும். அவசரத்தில் துருவின்மேலேயே பள்ளம் நிரப்பும் பட்டியைப் பூசினால், அது ஈரத்தை உறிஞ்சித் தகட்டுக்கே ஊட்டும். பிறகு கதவின் அடிவிளிம்பு கொப்புளிக்கும். சாயத்துக்குக் கொடுப்பது தோட்டத்து உழைப்பில் சேர்த்த பணம், அது இப்படிப் போவதை மனம் பொறுக்கவில்லை. மினுக்குச் சாயம் வேண்டாம், சாதாரண வெள்ளையே போதும். மிச்சப்படும் வெள்ளியை அடிப்பூச்சுக்குக் கொடுங்கள். பிரைமர் ஏறுமுன் தேய்த்த தகட்டை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.