பிள்ளைக்குப் பிறகு பிறந்த தகப்பன்

இலங்கைக் கிரிக்கெட் வரலாறு எண்டு எதை எடுத்தாலும் ஆஷ்லி வோக்கருக்கு "தந்தை" எண்ட பட்டம் தயாராக இருக்கும். சரி, கணக்கைப் பார்ப்பம். வோக்கர் இங்கிலாந்தின் பிராட்போர்டில் பிறந்தது 1844இல். கொழும்பு கிரிக்கெட் கழகம் தொடங்கியது 1832இல். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயசான பிறகு பிறந்த தகப்பனை நான் இப்பதான் கேள்விப்படுறன்.

வோக்கர் செய்தது வேறு. கேம்பிறிட்ஜில் படித்து, யோர்க்ஷயருக்கு விளையாடி, பிறகு கொழும்பு அக்கடமிக்கு, அதாவது இண்டைய ரோயல் கல்லூரிக்கு, ஆசிரியராக வந்தார். 1879இல் சென். தோமஸ் கல்லூரியோடு நடந்த ஆட்டத்தில் ஆசிரியர்களும் சேர்ந்து விளையாடினார்கள். 1880இலிருந்து மாணவர்கள் மட்டும். வெள்ளைக்காரரின்ர விளையாட்டை உள்ளூர்ப் பெடியளின்ர கையில் கொடுத்தது சின்ன வேலை இல்லை. அதை நான் மறுக்கேல்லை.

ஆனால் அவரை "அமெச்சூர்" எண்டு சொல்லேக்க, காசுக்கு ஆசைப்படாதவர் எண்டு உருகுவதை நிப்பாட்டுவம். விக்டோரியா கால இங்கிலாந்தில் அமெச்சூர் எண்டது ஒரு வர்க்கப் பெயர். கனவான்கள் ஒரு பக்கம், கூலிக்கு விளையாடுறவை மறுபக்கம். உடைமாற்றும் அறை வேற, மைதானத்துக்குள் இறங்கும் வாசல் வேற, ஸ்கோர் அட்டையில் பெயரை அச்சடிக்கிற முறைகூட வேற. இந்தப் பிரிவினையை 1962இல்தான் ஒழித்தார்கள்.

1860களில் யோர்க்ஷயருக்கு விளையாடத் தொடங்கிய ரொம் எமெற் அப்படியொரு கூலி வீரர். பெரிய பந்துவீச்சாளர். அவரும் பிறகு ஒரு பாடசாலைக்குத்தான் போனார், ரக்பிக்கு. ஆனால் சம்பளத்துக்கு வைத்த கிரிக்கெட் பயிற்சியாளராக. கேம்பிறிட்ஜ் கனவானுக்கு வகுப்பறை, கூலி வீரருக்குப் பயிற்சி வலை. இந்த வித்தியாசத்தைத் தீர்மானித்தது விளையாட்டுத் திறமையோ?

வோக்கர் கிரிக்கெட்டை விதைத்த இடமும் ஆங்கிலம் படித்த சிறு கூட்டத்தின் பாடசாலைதான். இண்டைக்கும் நல்ல ஆடுகளமும் பயிற்சியாளரும் பழைய மாணவர் காசும் உள்ள பாடசாலைகள் முன்னுக்கு நிக்குது. தோட்டத்திலையும் வன்னியிலையும் ரோட்டில பந்து எறியிற பிள்ளையைப் பார்த்து "திறமை இருந்தால் மேல வரலாம்" எண்டு சொல்லுறம். எமெற்றுக்குத் திறமை இல்லாமலோ அந்த வாசலால் விடேல்லை?

அடுத்த பிக் மெட்ச் மலரில் வோக்கரைப் பற்றி எழுதுங்கோ, ஆனால் "பாடசாலைக்குள் கிரிக்கெட்டைக் கொண்டுவந்த ஆசிரியர்" எண்டு எழுதுங்கோ. பக்கத்துப் பக்கத்தில், உங்கட மாவட்டத்தில் மைதானமே இல்லாத பாடசாலைகளின் பட்டியலையும் போடுங்கோ.