கீமோ தேவைதானா என்பதைக் கட்டியே சொல்லும்

மார்பகப் புற்றுக்கட்டியை அறுவை செய்து எடுத்த பிறகு, “கீமோ கட்டாயம் போடணுமா டாக்டர்?” என்று கேட்காத பெண்கள் குறைவு. கால் நூற்றாண்டுக்கு முன்பு இதற்கான பதில் கட்டியின் அளவையும் அக்குள் நெறிகட்டிகளையும் வைத்தே சொல்லப்பட்டது. கட்டி 1 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கீமோதான். அது இல்லாமலேயே நலமாக இருந்திருக்கக்கூடிய பெண்கள் எத்தனையோ பேர் முடி கொட்டி, வாந்தியில் துவண்டு போனார்கள்.

இன்று கட்டியின் போக்கை அதன் மரபணுக்களிடமிருந்தே அறியலாம். எல்லா மரபணுக்களும் எப்போதும் ஒரே அளவில் இயங்குவதில்லை. இயங்கும் மரபணு ஆர்.என்.ஏ.வை உருவாக்கும், அதை அளந்தால் எது மும்முரமாக இருக்கிறது, எது அடங்கிக் கிடக்கிறது என்று புரியும். அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து ஆய்வகத்தில் வைத்திருப்பார்கள். அதிலிருந்து சீவிய சில மெல்லிய துண்டுகள் போதும். ‘ஆன்கோடைப் டிஎக்ஸ்’ என்ற சோதனை 21 மரபணுக்களை அளக்கிறது. அவற்றில் 16 புற்றுநோய் தொடர்பானவை, 5 ஒப்பீட்டுக்கானவை. நோய் திரும்பும் வாய்ப்பைக் காட்டும் முடிவு 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண்ணாக வரும்.

இந்த மதிப்பெண்ணை நம்பலாமா? 2018இல் வெளியான ‘டெய்லர்எக்ஸ்’ ஆய்வு அதற்கு விடை சொன்னது. ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்2 என்ற புரதம் மிகையாக இல்லாத, நெறிகட்டிக்குப் பரவாத புற்றுநோய் கொண்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சேர்ந்தனர். 11 முதல் 25 வரை மதிப்பெண் பெற்றவர்களில் ஒரு பிரிவினருக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்குக் கீமோவும் சேர்த்து. ஒன்பதாண்டு முடிவில் நோய் திரும்பாமல் வாழ்ந்தவர்கள் முதல் பிரிவில் 83.3 சதவீதம், இரண்டாவதில் 84.3 சதவீதம். ஏறக்குறைய சமம். ஐம்பது வயது வரையிலானவர்களில் 16 முதல் 25 வரை பெற்றவர்களுக்கு மட்டும் கீமோவால் ஓரளவு பலன் தெரிந்தது.

இப்படிப் பெரிய ஆய்வில் தேறாத எந்த மரபணுப் பட்டியலையும் நோயாளியிடம் கொண்டுபோகக் கூடாது. எந்தக் கீமோ மருந்து யாருக்குப் பலிக்கும் என்று மரபணுக்களின் இயக்க அளவை வைத்துக் கணித்ததாக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வுக் கட்டுரைகள் அறிவித்தன. எம்.டி. ஆண்டர்சன் மையத்தின் பாகர்லி, கூம்ப்ஸ் என்ற புள்ளியியலாளர்கள் தரவுகளைத் தோண்டியபோது, வரிசைகள் இடம் மாறியது போன்ற அடிப்படைப் பிழைகள் வெளிவந்தன. அதற்குள் அந்தக் கணிப்பை நம்பி நோயாளிகள் மருத்துவச் சோதனைகளில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இது மன்னிக்க முடியாத அவசரம்.

எதிர்ப்பாற்றல் பற்றியும் மரபணுக்கள் பேசுகின்றன. 2006இல் பாரிஸில் ஜெரோம் கலோன் குழு, பெருங்குடல் புற்றுக்கட்டிக்குள் டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் எவ்வளவு, எங்கே இருக்கின்றன என்பது நோயாளியின் ஆயுளைக் கணிக்க உதவும் என்று காட்டியது. டி செல்கள் விழிப்போடு இருப்பதைக் காட்டும் மரபணுக்கள் மும்முரமாக இருந்தால், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி சிகிச்சை பலிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் யாருக்கு அதைக் கொடுக்கலாம் என்று உறுதியாகச் சொல்ல இந்த அளவீடு மட்டும் இன்னும் போதாது.

ஆன்கோடைப் சோதனை லட்சக்கணக்கில் செலவு வைப்பது. ஒரு பெண்ணுக்குத் தேவையற்ற கீமோவைத் தவிர்க்கும் சோதனை, உயிர்காக்கும் மருந்துக்குச் சமமான மதிப்புடையது. தகுதியுள்ள நோயாளிகளுக்கு இதன் செலவை அரசுக் காப்பீட்டுத் திட்டங்கள் முழுமையாக ஏற்க வேண்டும்.