ஏலக்காயின் ஊரைப் பில்லில் எழுதுங்கள்

தேக்கடி பார்க்க வருகிறவர்கள் குமுளிக் கடைத்தெருவில் ஏலக்காய் வாங்காமல் திரும்புவது அபூர்வம். "எங்க தோட்டத்துக் காய்ங்க, மருந்தே அடிக்கிறதில்ல" என்கிறார் கடைக்காரர். அந்தப் பேச்சை நம்பித்தான் பணம் கைமாறுகிறது. உலகில் ஏலம் அதிகம் விளைவது குவாதமாலாவில். அந்தக் காயை இடுக்கிக் காய் என்று பொட்டலம் கட்டினால், சென்னையிலிருந்து வந்தவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் உண்மையல்லாத இத்தகைய பேச்சை இரண்டாகப் பிரிக்கிறது. பொய் என்று தெரிந்தே ஏமாற்றச் சொன்னால், பிரிவு 17இன்படி மோசடி. உண்மை என்று நம்பியே சொன்னாலும், அப்படி அடித்துச் சொல்ல ஆதாரம் கையில் இல்லையென்றால், பிரிவு 18இன்படி தவறான கூற்று. இரண்டிலும் வாங்கியவர் பேரத்தை முறிக்கலாம். 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் பிரிவு 15 இன்னும் கறாரானது: மாதிரியும் காட்டி, இன்ன சரக்கு என்று விவரமும் சொல்லி விற்றால், கொடுத்த காய் மாதிரிக்கு ஒத்திருந்தால் மட்டும் போதாது, சொன்ன விவரத்துக்கும் ஒத்திருக்க வேண்டும்.

"புத்தடி ஏல விற்பனை மையத்தில் எடுத்த சரக்கு, எனக்கென்ன தெரியும்?" என்று கேட்கும் வியாபாரி, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படிக்க வேண்டும். நியாயமாகவே தவறாக நம்பினேன் என்ற வாதம் அங்கே எடுபடாது என்று பிரிவு 80 சொல்கிறது. பொய்யான விவரம் தாங்கிய உணவுப் பொருளை விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை. சுவரொட்டி மட்டுமல்ல, லேபிளும் பில்லும்கூட அந்தச் சட்டத்தில் விளம்பரம்தான். 'ஆலப்புழை பச்சை ஏலக்காய்' என்ற புவிசார் குறியீட்டைப் பொய்யாகப் பூசினால், புவிசார் குறியீட்டுச் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

குமுளி வியாபாரிகள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. நேர்மையானவருக்குத்தான் இதில் இழப்பு அதிகம். பொய்ப் பெயரில் மலிவுச் சரக்கு ஓடினால் தோட்டக்காரரின் விலை இறங்கும். விடியுமுன் தேனி மாவட்டத்திலிருந்து ஜீப்பில் மலையேறிக் காய் பறிக்கும் பெண்களின் கூலியில் அது போய் முடியும். சட்டம் போதுமான அளவு இருக்கிறது. பில்தான் இல்லை.

ஆகவே, விளைந்த இடம், ரகம், கொள்முதல் செய்த இடம் மூன்றையும் சில்லறை பில்லில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும். உரிய கவனம் எடுத்தேன் என்று நிரூபிப்பவரை அதே பிரிவு 80 காப்பாற்றுகிறது. அதற்கு அவர் கையில் காகிதம் வேண்டும். குமுளியில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறையும், கம்பத்திலும் போடியிலும் தமிழகத் துறையும் ஒரே நேரத்தில் மாதிரி எடுக்கட்டும். நறுமணப் பொருள் வாரியம் இரண்டையும் இணைக்கட்டும்.

வாங்குகிறவர்களே, பொட்டலத்தை வாங்குமுன் பில்லைக் கேளுங்கள்.