வேப்பிலையும் விஞ்ஞானமும்

மழை ஓய்ந்து தில்லியில் கொசு பெருகும்போதெல்லாம் நம் விடுதிகளில் இரண்டு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. 'பாட்டி வைத்தியம் போதும். வேப்பெண்ணெயைத் தடவு' என்பது ஒரு கட்சி. 'அதெல்லாம் பழம்பஞ்சாங்கம், கடைக் களிம்பை வாங்கு' என்பது மற்றொன்று. இரு கட்சியாரும் எதையும் சோதித்துப் பார்த்தவர் அல்லர்.

இதனை வெறும் விளையாட்டு வாதம் என்று தள்ளிவிடலாகாது. 1996-ஆம் ஆண்டில் டெங்குக் காய்ச்சல் இந்நகரில் 400-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது.

செடிகளுக்குப் பூச்சிகளை விரட்டும் ஆற்றல் உண்டு, ஐயமில்லை. ஓடி ஒளிய இயலாத செடி, தன்னைத் தின்ன வரும் பூச்சியைத் தடுக்க மணத்தையும் கசப்பையும் நஞ்சையும் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்கிறது. நம் முன்னோர் இதைக் கண்டுகொண்டனர். கோட்டை மதிலைக் காப்போர் நொச்சிப்பூச் சூடினர் என்கிறது புறப்பொருள் இலக்கணம். அதே நொச்சியின் தழை மாட்டுத் தொழுவத்தில் மாலைதோறும் புகைந்து கொசுவையும் விரட்டியது. ஆனால், டெங்குவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. மாலையில் இடும் புகை அதற்கு எப்படித் தடையாகும்?

செடிக்குச் செடி வேறுபாடும் உண்டு. சிட்ரோனெல்லா எண்ணெய் விரைவில் ஆவியாகிவிடும். அதன் காவலும் உடன் தளரும். எலுமிச்சை மணமுடைய யூகலிப்டஸ் இலையிலிருந்து பக்குவம் செய்யும் எண்ணெயோ பல மணி நேரம் நிற்கும். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையம் அதனை ஏற்றிருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பூசலாகாது என்றும் எச்சரிக்கிறது. இரண்டும் இயற்கைப் பொருள்களே. ஒன்றன் புகழை மற்றொன்றுக்கு ஏற்றுவது அறிவுடைமை ஆகுமா?

நம் மிச்சச் சோற்றை நம்பி விடுதி வாசலில் வாழும் நாயையும் பூனையையும் இங்கே மறத்தல் கூடாது. உண்ணி போகட்டும் என்று இரக்கமுள்ள நண்பர்கள் கைக்குக் கிடைத்த வாசனை எண்ணெயை அவற்றின்மேல் தேய்த்துவிடுகிறார்கள். பூனை தன் மயிரை நாள் முழுவதும் நக்கும் பிராணி. அந்த எண்ணெய்களில் உள்ள பல பொருள்களைச் செரித்து வெளியேற்றும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சாகும். கால்நடை மருத்துவரைக் கேளாமல் செய்யும் கருணை கொலையில் முடியலாம்.

வேப்பெண்ணெயால் பயிர்ப் பூசணத்தைத் தடுக்கும் முறைக்கு 1994-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஓர் அமெரிக்க நிறுவனத்திற்கும் அந்நாட்டு வேளாண் துறைக்கும் உரிமை வழங்கியது. இந்தியாவில் அது முன்பே கையாளப்பட்டது என்று சான்று காட்டி எதிர்த்தனர். 2000-இல் அந்த உரிமை நீக்கப்பட்டது. 2005-இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. வேம்பு நம்முடையது என்ற பெருமிதம் மட்டும் அந்த வழக்கை வென்றிருக்காது.

நம் சங்கத்தில் தாவரவியல் பயில்வோர் உண்டு. வேதியியல் பயில்வோரும் உண்டு. எந்தத் தழை, எந்த அளவில், எத்தனை மணி நேரம் காக்கும் என்று அவர்கள் சோதித்து இவ்விதழில் எழுதட்டும். அதுவரை, நண்பர்களே, வாரம் ஒருமுறை ஏர்கூலர்த் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிடுங்கள். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தை அதற்குக் கொடாதிருப்பது நம் கையில்தான் இருக்கிறது.