எழுதிக் கொடுத்த இரவு

சென்ற ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு நாள். இரவு மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். விடுதியில் என் அறைக் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்தேன். நெல்லைச் சீமையிலிருந்து ஐதராபாத்துக்கு வந்து ஒரு மாதங்கூட ஆகாத முதலாண்டுத் தம்பி நின்றான். அவனுக்குத் தெலுங்கு தெரியாது, இந்தியும் தெரியாது. தெரியாத மொழியில் பேசச் சொல்லி, அவன் திணறத் திணற, மொட்டை மாடியில் சுற்றி நின்று சிரித்திருக்கிறார்கள் மூத்த மாணவர்கள். அன்று மூன்றாம் நாள்.

நான் சொன்ன விடை என்ன தெரியுமா, நண்பர்களே? "பொறுத்துக்கொள் தம்பி, ஒரு மாதந்தான்." இதை எழுதும்போது கை கூசுகிறது.

சட்டம் இல்லை என்பதாலா அப்படிச் சொன்னேன்? சட்டம் இருக்கிறது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்து மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார்; 1997-இல் தமிழகத்தில் 'ராகிங்' தடைச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் ஆந்திரப் பிரதேசமும் ஒரு சட்டம் இயற்றிற்று. கேலி செய்து இழிவுபடுத்தினாலே 6 மாதம் வரை சிறை. தற்கொலைக்குத் தூண்டினால் ஆயுள் வரை. முறையீட்டைக் கேட்டும் வாளாவிருக்கும் கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தை என்றே கொள்ளப்படுவார். 2009-இல் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்ற மருத்துவ மாணவர், மூத்த மாணவர்கள் தாக்கியதில் உயிரிழந்தார். அவ்வாண்டே பல்கலைக் கழக மானியக் குழு விதிகள் வகுத்தது. சாதி, நிறம், மொழி, பிறந்த இடம் ஆகியவற்றைக் காட்டித் துன்புறுத்துவதும் ராகிங்கே என்று 2016-இல் திருத்தமும் செய்தது. அந்தத் தம்பிக்கு நேர்ந்தது அதுவேயன்றோ!

கல்லூரியில் சேரும்போது நாமும் பெற்றோரும் உறுதிமொழித் தாளில் ஒப்பமிடுகிறோம். (என் தந்தையார் படியாமலே ஒப்பமிட்டார்; நானும் அப்படியே.) 1800-180-5522 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் சுவரில் ஒட்டியிருக்கிறது. இத்தனையும் இருக்க, காப்பாளரிடம் போகாமல் என்னிடம் ஏன் வந்தாய் என்று கேட்டேன்.

"எழுதிக் கொடுத்துட்டு ராத்திரி எங்கண்ணே போய்ப் படுக்க?" என்றான்.

அவன் ஊர்ப்பக்கத்தில் நடந்ததை நினைத்தே அப்படிக் கேட்டான். நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், உடன் படித்த வேறு சாதி மாணவரின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஆசிரியர்கள் காரணம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தான். அன்றிரவே, 2023 ஆகஸ்டு 9-ஆம் நாள், வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பையன் பிழைத்தான்; அடுத்த ஆண்டே பொதுத் தேர்வில் 600-க்கு 469 மதிப்பெண் பெற்றான்.

இதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்ற பரிந்துரையைப் பற்றியே ஊரெல்லாம் பேசிற்று. 500 மாணவருக்கு மேற்பட்ட பள்ளிகளில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. முறையீட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் பள்ளி, எழுதியவன் அன்று எவ்வழியே வீடு திரும்புவான் என்று கேட்பதில்லை. அதைக் கேட்பதற்கென்றே ஒருவர் இருக்க வேண்டும்.

நம் சங்கமும் குற்றமற்றதன்று. வரவேற்பு மாலையில் புதியவரை மேடையேற்றி ஆடச் சொல்கிறோம். மறுத்தவனை உம்மணாமூஞ்சி என்கிறோம். நட்பு வளர்க்கும் வேடிக்கையாம்! வேடிக்கையாயின், வேண்டாம் என்றவனை விட்டுவிட வேண்டாவா?

ஆண்கள் விடுதியாயினும் பெண்கள் விடுதியாயினும் ஒவ்வொன்றிலும் மூத்தோர் இருவரைச் சங்கம் நியமிக்கட்டும். அவர்கள் பெயரும் அறை எண்ணும் முதல் நாளே புதியவர் கையில் இருக்கட்டும். முறையீடு எழுதுவோருடன் காப்பாளரிடம் அவர்கள் போகவேண்டும். அன்றிரவு தம் அறையில் படுக்க இடமும் தரவேண்டும். இதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை. ஒரு பாய் போதும்.

அந்தத் தம்பி அன்றிரவு என் அறையில்தான் படுத்தான். மறுநாள் காப்பாளரிடம் நான் அவனுடன் போகவில்லை. தேர்வு இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவனும் போகவில்லை. நவம்பரில் ஊர் திரும்பி, இப்போது அங்கேயே வேறு கல்லூரியில் படிக்கிறான்.

வரும் செயற்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வருகிறேன். மேடை ஆட்டத்தை நிறுத்தும் பகுதிக்கு எதிர்ப்பு எழும் என்று அறிவேன். எதிர்ப்போர் வந்து பேசுக.