மோரிக்கோனேயின் இசைத் தட்டுகள்

சினிமாப் படத்தின் பின்னணி இசையை மட்டும் தனியே தட்டில் கேட்பது, கல்யாணம் முடிந்த மறுநாள் பந்தலைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது போன்றது என்று நமது நண்பர் ஒருவர் சொல்லுவதுண்டு. பந்தல் இருக்கும், வாழை மரமும் இருக்கும், மாப்பிள்ளையும் பெண்ணும் இருக்க மாட்டார்கள். நம் நாட்டுப் படங்களிலாவது பாட்டு என்று ஒன்று இருக்கிறது. தட்டில் அதைக் கேட்டு மகிழலாம். மேனாட்டுப் படங்களிலோ பெரும்பாலும் அதுவும் கிடையாது. குதிரை ஓடும்போதும் கதாநாயகி கண்ணீர் விடும்போதும் பின்னால் முழங்கிய வாத்தியங்களை, குதிரையும் கண்ணீரும் இல்லாமல் கேட்பதில் என்ன இருக்கிறது என்பது நண்பரின் ஆக்ஷேபம்.

இந்த ஆக்ஷேபம் எத்தனையோ தட்டுகளுக்குப் பொருந்தும். ஆனால் இத்தாலி தேசத்து என்னியோ மோரிக்கோனேயின் நல்ல தட்டுகளுக்குப் பொருந்தாது என்பது நமது அபிப்பிராயம்.

மோரிக்கோனே 1928-ல் ரோமாபுரியில் பிறந்தவர். 2020-ல் அந்த நகரிலேயே காலமானார். தகப்பனார் ட்ரம்பெட் வாசிப்பவர். பிள்ளையும் ஸாந்தா செசீலியா சங்கீதக் கலாசாலையில் ட்ரம்பெட் பயின்றார். பிறகு பெட்ராஸ்ஸி என்னும் பேராசிரியரிடம் இசை அமைக்கும் வித்தையைச் சாஸ்திரோக்தமாகக் கற்றுக்கொண்டார். சினிமாவுக்கும் டெலிவிஷனுக்குமாக அவர் இசை அமைத்தவை 400-க்கு மேல். மெட்டைப் போட்டுவிட்டு, எந்த வாத்தியம் எந்த இடத்தில் பேசவேண்டும் என்பதை உதவியாளரிடம் விட்டுவிடும் வழக்கம் ஹாலிவுட்டில் உண்டு. மோரிக்கோனே அதற்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரியதைத் தாமே எழுதினார். தட்டைக் கேட்கும்போது ஒரே மனத்தின் வேலை என்று நமக்குத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை டைரக்டர் ஸெர்ஜியோ லியோனேயின் குதிரை வீரர் படங்கள். இருவரும் ஆரம்பப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். 1964-ல் வெளியான முதல் படத்தில், அமெரிக்கக் கதையை இத்தாலியர் எடுத்தார்கள் என்று தெரிந்தால் ஜனங்கள் வரமாட்டார்களோ என்று பயந்து, இருவருமே வேறு பெயர் சூட்டிக் கொண்டார்கள். மோரிக்கோனே 'டான் ஸாவியோ' ஆனார். அன்னியப் பெயரில் மோகம் நமக்கு மட்டும் உள்ள வியாதி அல்ல என்று அறிவதில் ஓர் அற்ப திருப்தி உண்டாகிறது!

அந்தப் படத்துக்குப் பணம் குறைவு. பெரிய வாத்திய கோஷ்டிக்கு வழியில்லை. ஆகவே சீழ்க்கை வந்தது; சாட்டையின் சொடுக்கு வந்தது; மணியோசை வந்தது; மின்சார கிட்டார் வந்தது. இல்லாமையில் பிறந்த இந்த முறையைப் பணம் வந்த பிறகும் அவர் கைவிடவில்லை. 1966-ம் வருஷத்து 'நல்லவன், கெட்டவன், விகாரமானவன்' என்ற படத்தில், பாலைவனத்து நரி ஊளையிடுவது போல இரண்டே ஸ்வரங்கள் மாறி மாறி வருகின்றன. அதையே ஒருவனுக்குப் புல்லாங்குழலிலும், இன்னொருவனுக்கு ஒகரீனா என்ற மண் குழலிலும், மூன்றாமவனுக்கு மனிதக் குரலிலும் கொடுத்திருக்கிறார். மூன்று பேரும் ஒரே பேராசையின் மூன்று உருவங்கள் என்பதைச் சொல்லுவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

இனி, பந்தல் விஷயத்துக்கு வருவோம். 1968-ல் வெளியான 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்துக்கு, படப்பிடிப்புத் தொடங்குவதற்கு முன்பே முக்கியமான இசையை மோரிக்கோனே எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டார். லியோனே அதைப் படப்பிடிப்பு நடந்த இடத்தில் ஒலிக்கச் செய்தார். நடிகர்கள் அதைக் கேட்டுக்கொண்டே நடந்தார்கள். காமிராவும் அதை அனுசரித்தே நகர்ந்தது. பந்தலைப் போட்டு முடித்துவிட்டுத்தான் பெண் பார்க்கவே புறப்பட்டிருக்கிறார்கள்! அப்படியிருக்க, இசையைப் படத்தின் மிச்சம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

கதாநாயகி ரயிலிலிருந்து இறங்குகிறாள். அழைத்துப் போக ஒருவரும் வரவில்லை. ஸ்டேஷனைக் கடந்து, பாதி கட்டிய ஊருக்குள் அடி வைக்கிறாள். காமிரா கூரைக்கு மேலே எழும்புகிறது; அந்த இடத்தில் எட்டா டெல்லோர்ஸோ என்ற அம்மையாரின் குரலும் எழும்புகிறது. சாகித்யம் ஒன்றும் இல்லை; வெறும் அகாரந்தான். ஆலாபனை கேட்டுப் பழகிய நம்மவர்களுக்கு, வார்த்தையில்லாத பாட்டைப் புரிந்துகொள்ள யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நம் வித்வான்களைப் போல அந்த அம்மாள் விஸ்தாரம் செய்வதில்லை. மெட்டு அதேதான், அதைச் சுற்றியுள்ள வயலின்கள்தாம் அலையலையாகப் பெருகி அந்தக் குரலை உயரத் தூக்குகின்றன. ஸ்டேஷனையும் கூரையையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு தட்டில் கேட்டாலும், அன்னிய ஊரில் தனியாக வந்து நிற்பவளின் தைரியம் அதில் இருக்கிறது.

நம் மனத்தை அதிகமாகக் கவர்ந்தது 1986-ல் வந்த 'தி மிஷன்' தட்டு. கதை 1750-ஐ ஒட்டிய காலத்தில் தென் அமெரிக்காவில் நடக்கிறது. ஸ்பெயினும் போர்ச்சுகலும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு எல்லையை மாற்றுகின்றன. அந்த மண்ணில் வாழும் குவாரனி மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்னிய ஆட்சியின் ருசியை அறிந்த நமக்கு இந்தக் கதையை விளக்கவேண்டுமா? இசையில்லாமல் படத்தைப் பார்த்த மோரிக்கோனே, இப்படியே இருக்கட்டும், என் இசை வேண்டாம் என்று முதலில் மறுத்தாராம். நல்ல வேளையாகப் பிறகு மனம் மாறினார்.

கேப்ரியேல் பாதிரியார் நீர்வீழ்ச்சிக்கு மேலே காட்டில் தனியாக உட்கார்ந்து ஓபோ வாசிக்கிறார். ஓபோ இரட்டைச் சீவாளி வாத்தியம்; நம் நாதஸ்வரத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். வில்லும் அம்புமாகச் சூழ்ந்துகொண்ட குவாரனி மக்களில் ஒருவர் அதைப் பிடுங்கி முறித்துவிடுகிறார். இன்னொருவர் ஒட்டவைக்க முடியுமா என்று பார்க்கிறார். அந்த ஓபோ மெட்டு, பிறகு ஒரு பெரிய படைப்பில் திரும்பி வருகிறது. ஒரு பக்கம் தேவாலயத்துக் கோஷ்டி கானம். ஒரு பக்கம் ஓபோ. இன்னொரு பக்கம் குவாரனி மக்களின் குரலும் தாளமும். மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒன்றுக்காக மற்றொன்று வழி விலகவில்லை. கடைசிவரை அந்தத் தாளம் யாருக்கும் தலை வணங்காமல் தன் வழியிலேயே போகிறது. ஒப்பந்தம் எழுதிய ராஜாங்கங்கள் செய்யாத மரியாதையை ஒரு சங்கீதக்காரர் செய்திருக்கிறார். இதற்கு அமெரிக்கர்கள் அவ்வருஷத்து ஆஸ்கார் பரிசைக் கொடுக்கவில்லை. 2007-ல் கௌரவப் பரிசு ஒன்றும், 2016-ல், அவருடைய 87-வது வயதில், வேறொரு படத்துக்காகப் போட்டிப் பரிசு ஒன்றும் கொடுத்துக் கணக்கைச் சரிக்கட்டினார்கள்.

எல்லாத் தட்டுகளும் இப்படியா என்றால், இல்லை. நானூறு படைப்புகளில் சோர்வு தட்டாமல் இருக்குமா? ஒரே மெட்டை நாலு வேஷத்தில் திருப்பித் திருப்பிக் கொடுக்கும் தட்டுகள் இருக்கின்றன. திகில் படங்களுக்காக அவர் செய்த சில கர்ண கடூரமான பரிசோதனைகளைக் குழந்தைகள் தூங்கும் நேரத்தில் வைக்காமலிருப்பது நல்லது. எல்லாவற்றையும் வாங்கிச் சேர்க்கும் பக்தர்களைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

வீட்டில் எல்லோருமாகக் கேட்பதற்கு 'தி மிஷன்' தட்டிலிருந்து ஆரம்பிப்பது உசிதம். பிறகு 1968-ம் வருஷத்துத் தட்டு. அதில் மவுத் ஆர்கன் அழுவதுபோல ஒலிக்கும் பகுதியை மட்டும் படம் பார்த்த பிறகு கேட்பது மேல். அந்த மனிதன் பேசவேண்டிய இடங்களிலெல்லாம் பேசாமல் அதை ஏன் ஊதுகிறான் என்பது முடிவில்தான் தெரிகிறது. அதை இங்கே சொல்லிவிட்டால், படம் பார்க்காத நேயர்கள் நம்மை லேசில் விடமாட்டார்கள்.